எரியும்போது அளந்து பாருங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் ஹெட்லைட் மங்குவது பற்றியவையே அதிகம். அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதில்களில் மல்டிமீட்டர் அடிக்கடி வரும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். “மீட்டர் எதற்கு, பார்த்தாலே தெரியாதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியாது. இருட்டுக்குக் கண் பழகிக்கொள்ளும். வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தால் கால்வாசி போன பிறகும் நமக்கு உறைக்காது.

கேள்வி: சார், வண்டி சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பளிச்சென்று எரிகிறது. பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது போட்டேன். நாலைந்து நாள் நன்றாக இருந்தது. மறுபடி அதே கதை. புது பேட்டரியும் டூப்ளிகேட்டா?

பதில்: பேட்டரி மேல் பழி போடாதீர்கள். நாலைந்து நாள் நன்றாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. புது பேட்டரி சார்ஜோடு வந்தது. ஆல்டர்னேட்டர் போதுமான கரண்ட் தராதபோது, குறைந்ததைத் தன் கையிருப்பிலிருந்து போட்டுக்கொண்டே வந்தது. கையிருப்பு கரைந்ததும் பழைய பிரச்சினை வெளியே வந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது விளக்கு, ஃபேன், இக்னிஷன் எல்லாவற்றுக்கும் கரண்ட் தர வேண்டியது ஆல்டர்னேட்டர். பேட்டரிக்கு அந்த நேரத்தில் வாங்கிக்கொள்ளும் வேலைதான்.

முதல் அளவை, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, சாவி போடுவதற்கு முன் எடுங்கள். பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 காட்டினால் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்தால் பொய்யாக அதிகம் காட்டும். காத்திருக்க முடியாதவர்கள் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம். அப்புறம் இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செல்ஃப் மோட்டார் சுற்றும் அந்த நொடியில் மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிட்டு “சார்ஜிங் ஓகே” என்று பானெட்டை மூடிவிடுகிறார்கள். உங்கள் குறை தெரிய வேண்டிய இடமே இனிமேல்தான். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜினை ஐடிலில் விட்டுவிட்டு ஹெட்லைட், ஏ.சி. ஃபேன் முழு வேகம், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். அப்போதும் 13-க்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. 12.3, 12.1 என்று இறங்கி, ஆக்சிலரேட்டரைக் கொடுத்ததும் 13.8 ஏறினால் ஆல்டர்னேட்டரோ அதைச் சுற்றும் பெல்ட்டோ களைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் ஆம்பியர் கணக்கு, ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. இன்ஜின் 750 சுற்றில் இருந்தால் புல்லி கணக்குப்படி ஆல்டர்னேட்டர் 2000 சுற்றைச் சுற்றினாலே பெரிது. கிடைப்பது பாதியோ அதற்கும் குறைவோதான். நல்ல ஆல்டர்னேட்டருக்கு அந்தப் பாதி போதும். கார்பன் பிரஷ் தேய்ந்ததற்கும், பெல்ட் நழுவுகிற வண்டிக்கும் போதாது. பெல்ட்டை இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தாலோ, ஹெட்லைட் போட்ட நொடியில் கீச்சென்று கத்தினாலோ, ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் பெல்ட்டையும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் கவனியுங்கள்.

இன்னொன்று. விளக்கெல்லாம் எரியும்போது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயர் போல்ட்டில் ஒரு முனையையும் பேட்டரி பாசிட்டிவில் மறு முனையையும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகத்தான் கொடுக்கிறது, நடுவில் இருக்கும் கேபிள் தின்றுவிடுகிறது. இந்த ஓர் அளவை எடுக்காமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப்போட்ட வண்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். போல்ட்டைத் தொடும்போது மட்டும் ஜாக்கிரதை. அது பேட்டரியோடு நேராகச் சேர்ந்தது. மீட்டர் முனை பக்கத்து இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

கேள்வி: எனக்கு இடது பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக, சோகையாக எரிகிறது. வலது பக்கம் பிரமாதம். பல்பை மாற்றிப் பார்த்தேன், வலது பல்பை இடதிலும் இடது பல்பை வலதிலும் போட்டுப் பார்த்தேன். இடது இடதாகவே இருக்கிறது.

பதில்: பல்பை இடம் மாற்றிப் பார்த்தீர்களே, அது பாதி வேலையை முடித்துவிட்டது. பல்பும் குற்றவாளி இல்லை, பேட்டரியும் இல்லை. பேட்டரி என்றால் இரண்டும் சேர்ந்து மங்கியிருக்கும். இடது பல்புக்குப் போகிற வழியிலோ அங்கிருந்து திரும்புகிற வழியிலோ வோல்ட் தொலைகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒயரைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

இதே குறையோடு அண்மையில் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் வண்டியிலும் அப்படியே செய்யலாம். இன்ஜின் ஓடுகிறது, டிம் லைட் எரிகிறது. இது முக்கியம்: விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், கப்ளர் (பல்புக்கு ஒயர் வந்து சேரும் பிளக்) பல்பில் மாட்டியபடியே இருக்க வேண்டும். கப்ளரின் பின்பக்கம் ஒயர் நுழைகிற இடத்தில் ரப்பரை ஒட்டி மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, அதில் மீட்டர் முனையை வைத்தேன். பேட்டரியில் 14.2. பல்பின் டிம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் முனை) நடுவே 11.3. ஆக 2.9 வோல்ட் வழியில் போய்விட்டது.

சரி, போகிற வழியா, திரும்புகிற வழியா? ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறு முனை பல்பின் டிம் பின்னில்: 0.4. ஃப்யூஸ், சுவிட்ச், ஒயர் எல்லாம் கடந்து 0.4 என்றால் பரவாயில்லை. அரை வோல்ட் வரை மன்னிக்கலாம். அடுத்து ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை பல்பின் எர்த் பின்னில்: 2.5. திருடன் அகப்பட்டான். 11.3, 0.4, 2.5 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 14.2 வரும். கணக்கு இப்படி இடிக்காமல் வந்தால் அளந்தது சரி.

எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. அந்த எர்த் ஒயர் பேட்டரிக்கு அடியில் பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. மேலே பார்த்தால் போல்ட் சுத்தம், இறுக்கமும் சரி. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பழுப்பாக மாவு மாதிரி துரு. மேலே பேட்டரித் தட்டிலிருந்து ஆசிட் கசிந்து இறங்கியிருக்கிறது. வளையத்தையும் பாடியையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவியாயிற்று. மறுபடி அளந்தால் 0.1. பல்பு அதே பல்புதான்.

துருவைத் தேடிப் போகுமுன் உறுதி செய்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. தனி ஒயர் ஒன்றால் பல்பின் எர்த் பின்னைப் பேட்டரி நெகட்டிவோடு நேராகச் சேர்த்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்றால் சந்தேகமே வேண்டாம். ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன்: சில பழைய வண்டிகளில் டிம், பிரைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அவற்றில் பல்புக்குப் பாசிட்டிவ் பொதுவாக வரும்; எர்த் பக்க அளவில் சுவிட்சின் இழப்பும் சேர்ந்தே தெரியும். ஒயரிங் வரைபடம் கையில் இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: ஐயா, கப்ளரைக் கழற்றிவிட்டு ஒயரை மீட்டரில் பீப் வைத்துப் பார்த்தேன், பீப் அடிக்கிறது. வோல்ட் பார்த்தேன், 12.5 வருகிறது. பல்பை மாட்டினால் மட்டும் மினுக்மினுக் என்கிறது. மீட்டர் பொய் சொல்லுமா?

பதில்: மீட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான். பீப் வைக்கும்போது மீட்டர் ஒயர் வழியாக அனுப்புவது மிக மிகச் சிறிய கரண்ட். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. 55 வாட் பல்புக்கோ நாலரை ஆம்பியர் வேண்டும். உள்ளே இருபது முப்பது செம்புக் கம்பி அறுந்து ஒரே ஒரு கம்பி மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். ஒற்றை நூலில் காய்ந்த இலையைக் கட்டித் தொங்கவிடலாம், நிறைகுடத்தைத் தொங்கவிட முடியுமா?

கப்ளரைக் கழற்றிவிட்டு வோல்ட் பார்த்ததும் அதே குறைதான். கரண்ட் ஓடாதபோது எந்த மோசமான ஒயரிலும் வோல்ட் குறையாது. 0.2 ஓம் தடை என்று வையுங்கள். சாதாரண மீட்டரின் ஒயர்களே அவ்வளவு காட்டும் என்பதால் ஓம் அளவில் அது கண்ணில் படாமல் போகும். ஆனால் நாலரை ஆம்பியர் ஓடும்போது அது 0.9 வோல்ட்டை விழுங்கிவிடும்.

பட்டறையில் நாங்கள் வைத்திருப்பது பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு ஒயர். சந்தேகப்படுகிற ஒயரின் முனையில் அதை மாட்டி எரியவைத்துப் பார்த்தால், பீப் மறைத்தது வெளியே வந்துவிடும். எரியும்போதே ஒயரை ஒரு முனையிலிருந்து கையால் வளைத்துக்கொண்டு போங்கள். எங்கே வளைக்கும்போது விளக்கு துடிக்கிறதோ அங்கே இன்சுலேஷனைக் கீறினால் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். அந்தக் கறுப்பு எதுவரை போயிருக்கிறதோ அதுவரை வெட்டி எறியுங்கள். கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது.

கேள்வி: ஏ.சி. கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போதும், நின்றபடி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போதும் விளக்கு ஒரு கணம் மங்கித் திரும்புகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கம்ப்ரசர் கிளட்ச் விழும்போது இன்ஜின் ஒரு கணம் தடுமாறும். மின்சாரப் பவர் ஸ்டியரிங் நின்ற இடத்தில் திருப்பும்போது பத்துக்கணக்கான ஆம்பியரை இழுக்கும். ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரிக்க ஒரு கணம் ஆகும். கண்ணிமைப்பதற்குள் திரும்பினால் இயல்பு. மங்கியது மங்கியபடியே நின்றால் முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய கார். சார்ஜிங் 14.2 காட்டுகிறது, எர்த்தும் பார்த்தாயிற்று. இரண்டு ஹெட்லைட்டும் வாங்கின நாளிலிருந்தே சுமார்தான். 100/90 வாட் பல்பு போட்டால் பகல் மாதிரி இருக்கும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: நண்பரை என்னிடம் அனுப்புங்கள். அவர் பல்பைப் போட்டால் முதல் சில வாரம் பகல் மாதிரிதான் இருக்கும். அப்புறம் ஹோல்டர் பழுப்பாகி, உருகி, பல்போடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்த ஹோல்டர்கள் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 60/55 பல்பு (பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55) இரண்டும் பிரைட்டில் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் இரண்டும் 16-க்கு மேல். ஒயர் சூடாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதே ஒயரில் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. போதாததற்கு, அதிகக் கரண்ட் போகப் போக வழியில் தொலைகிற வோல்ட்டும் கூடும். விற்றவர் சொன்ன வெளிச்சத்தில் ஒரு பகுதி உங்கள் ஒயரைச் சூடாக்கவே செலவாகும். பல நாடுகளில் சாலையில் ஓட்டவும் இதற்கு அனுமதி இல்லை. எதிரே வருகிறவர் கண் கூசுவது தனி.

பழைய வண்டியின் உண்மையான குறை வேறு. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் டாஷ்போர்டுக்குள் போய், சாவி சுவிட்ச், லைட் சுவிட்ச், டிம்மர் எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி முன்னால் வருகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.0175 ஓம் தடை. ஐந்து மீட்டர் சுற்றினால் 0.09 ஓம் ஆகிறது. 10 ஆம்பியரில் 0.9 வோல்ட் ஒயரிலேயே போயிற்று. தேய்ந்த சுவிட்ச் முனைகள் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 14.2-இல் கிளம்பியது பல்புக்கு 12-க்குக் கீழே வந்து சேர்வதில் ஆச்சரியம் இல்லை.

அது வெளிச்சத்தை எவ்வளவு பாதிக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. ஹாலஜன் பல்பில் வெளிச்சம் வோல்ட்டோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. வோல்ட்டின் ஏறக்குறைய 3.4 மடியாகக் குறைகிறது. எச்4 பல்பின் (இந்த 60/55 வகைதான்) வெளிச்சக் கணக்கு 13.2 வோல்ட்டுக்குச் சொல்லப்படுவது. அங்கிருந்து 11.9-க்கு இறங்கினால் வோல்ட்டில் பத்து சதவீதம்தான் குறைவு, வெளிச்சத்திலோ முப்பது சதவீதம் காலி. 11.2-க்கு இறங்கினால் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக மிச்சம். அந்த ஒரு வோல்ட்டை மீட்டுக் கொடுத்தால் அதே 60/55 பல்பே உங்களை ஆச்சரியப்படுத்தும்.

அதற்கு ரிலே போடுங்கள். சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30-இல் பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். 87-இலிருந்து அதே தடிமனில் பல்புகளுக்கு. 86-இல் ஹெட்லைட்டுக்கு வந்துகொண்டிருந்த பழைய ஒயர், 85 எர்த். சுவிட்ச் எர்த் பக்கம் உள்ள வண்டி என்றால் 85, 86 இணைப்பு மாறும், கவனம். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். தள்ளி வைத்தால் நடுவில் உள்ள ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது அதைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. பல்பின் எர்த்துக்கும் தடித்த ஒயரே போடுங்கள். பாசிட்டிவை மட்டும் புதுசாக்கிவிட்டு எர்த்தைப் பழையதாகவே விட்டுவிட்டு “ரிலே போட்டும் பெரிய வித்தியாசம் இல்லை” என்று வருகிறவர்கள்தான் அதிகம். சுவிட்சுக்கு இனி ரிலேயை இழுக்கும் துளிக் கரண்ட் மட்டுமே என்பதால் அதுவும் நீண்ட நாள் உழைக்கும்.

கேள்வி: இன்டிகேட்டர் போட்டால் பின்பக்கச் சிவப்பு விளக்கும் கூடவே துடிக்கிறது. பிரேக் மிதித்தால் அந்தப் பக்கம் இன்டிகேட்டர் லேசாக எரிகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பதில்: அந்தப் பக்க விளக்குக் கூட்டுக்குப் பொதுவான எர்த் விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து வழி தேடுகிறது. டிக்கிக்குள் அந்த விளக்கின் ஹோல்டரில் கறுப்பு ஒயரைத் தேடுங்கள், பெரும்பாலும் அதுதான் எர்த். முனையைச் சுத்தம் செய்தாலே பேய் ஓடிவிடும்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், டாஷ்போர்டு விளக்கு எல்லாம் அணைந்து போகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் சில சமயம் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரியில் 12.6 இருக்கிறது. செல்ஃப் மோட்டார் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மோட்டாருக்கு முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. பேட்டரி மேல் இரண்டு பொருள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: பேட்டரியோடு பிறந்த ஈயக் குமிழ், அதைச் சுற்றிக் கவ்வியிருக்கும் கிளாம்பு. மீட்டரின் ஒரு முனையைக் குமிழின் நடுவில் அழுத்துங்கள். மறு முனையை அதே குமிழின் கிளாம்பில் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கிறபோது என்ன வோல்ட் வரும் என்று தோன்றும். சும்மா இருக்கும்போது பூஜ்யம்தான். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல இணைப்பு என்றால் 0.1-க்கு மேல் நகராது. உங்கள் வண்டியில் பல வோல்ட் துள்ளும் என்று எதிர்பார்க்கிறேன். செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கிற சாதனம். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே காகிதக் கனத்துக்கு ஒரு கறுப்புப் படலம் போதும், எல்லா வோல்ட்டும் அங்கேயே விழுந்துவிடும்.

கிளாம்பைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவுங்கள். கரைசல் பேட்டரி மூடித் துளைகளுக்குள் இறங்கக் கூடாது. குமிழையும் கிளாம்பின் உள்வட்டத்தையும் ஈயம் பளபளக்கும்வரை தேயுங்கள். பிறகும் தகராறு இருந்தால் நெகட்டிவ் குமிழுக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே, செல்ஃப் சுற்றும்போது அளந்து பாருங்கள். 0.3-க்கு மேல் போனால் இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டை. அதுவும் சரி என்றால் அப்போது மோட்டாரைக் கழற்றலாம்.

கேள்வி: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால் ஆல்டர்னேட்டர் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும் என்கிறாரே எங்கள் மெக்கானிக்?

பதில்: அவர் வண்டியில் செய்து பார்க்கட்டும். உங்கள் வண்டியில் வேண்டாம். ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் அந்தக் கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் ஒரு கணம் பத்துக்கணக்கில் எகிறும். வண்டியின் கம்ப்யூட்டர், ரெகுலேட்டர், டயோடு, எரிகிற பல்பு, எது முதலில் போகும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர் இல்லாத பழைய டைனமோ வண்டிகளில் இது செல்லுபடியாகியிருக்கலாம். மீட்டர் கையில் இருக்கும்போது எதற்கு இந்த வித்தை?

கேள்வி: புது கார். சாவகாசமாக ஓட்டும்போது சிகரெட் லைட்டரில் செருகின மீட்டர் 12.7 என்று காட்டுகிறது, சில சமயம் 14.8-க்குப் போகிறது. ஆல்டர்னேட்டர் போய்விட்டதோ?

பதில்: இந்தக் கேள்வியால் புது வண்டிகளில் பல நல்ல ஆல்டர்னேட்டர்கள் வீணாகக் கழற்றப்படுகின்றன. இப்போதைய வண்டிகளில் எவ்வளவு சார்ஜ் செய்ய வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால், சீராக ஓடும்போது எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரைத் தளர்த்திவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி உருளும்போது, சும்மா வருகிற சக்தியை வாங்கிக்கொள்ள வோல்ட்டை ஏற்றும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடனே 13-க்கு மேல் வந்து நின்றுவிடும். வந்தால் கவலையில்லை.

இத்தகைய வண்டியில் நெகட்டிவ் கிளாம்பின் மேல் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் கணக்கு வைக்கும் சென்சார் அது. வெளி சார்ஜர் போடும்போது நெகட்டிவ் கிளிப்பைக் குமிழில் மாட்டாமல் பாடியில் எர்த்துக்கென்று விட்டிருக்கும் போல்ட்டில் மாட்டுங்கள். குமிழில் மாட்டினால் ஏறின சார்ஜ் சென்சார் கணக்கில் வராது.

கேள்வி: ஹெட்லைட் மங்குவதில்லை, ஆனால் படபடவென்று துடிக்கிறது. ரேடியோவில் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஒரு கீச்சுச் சத்தம். காலையில் பேட்டரி இறங்கியும் கிடக்கிறது.

பதில்: மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது ஏசி. குறைந்தது ஆறு டயோடுகள் சேர்ந்துதான் அதை டிசி ஆக்குகின்றன. ஒன்று போனாலும் மீதி இழுத்துப் பிடிக்கும் என்பதால் வோல்ட் பார்த்தால் ஓரளவு சரியாகவே தெரியும், அதுதான் ஏமாற்று. மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி, விளக்கெல்லாம் எரிய, பேட்டரி டெர்மினலில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி தெரிந்தால் டயோடு போயிற்று. ஷார்ட் ஆன டயோடு வழியாகப் பேட்டரி இரவெல்லாம் கசியும். வண்டி பல மணி நேரம் நின்று இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

கேள்வி: ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி போட்டேன். இன்ஜின் ஓடும்போது மினுக்குகிறது, டாஷ்போர்டில் பல்பு ஃப்யூஸ் என்று எச்சரிக்கை வேறு. வோல்ட் குறைகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ஹெட்லைட்டுக்கு நேராகக் கரண்ட் விடாமல் நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டி விடுகிறது, ஹாலஜனின் ஆயுளைக் காக்க. சூடான இழைக்கு அணைய நேரம் போதாது, அதனால் துடிப்பு தெரியாது. எல்இடி உடனுக்குடன் அணைந்து எரியும். எச்சரிக்கை வருவது, எல்இடி குறைந்த கரண்ட் எடுப்பதைப் பார்த்து பல்பு செத்துவிட்டதென்று கம்ப்யூட்டர் நினைப்பதால். கம்ப்யூட்டர் அப்படி நினைக்காமல் இருக்க இடையில் மாட்டும் டிகோடர் விற்கிறார்கள், சிலவற்றில் வேலை செய்கிறது. எனக்கு இந்த மாற்றத்தில் பிரியம் இல்லை. ஹாலஜன் இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டுச் செய்த ரிஃப்ளெக்டரில் வேறு வடிவ வெளிச்சத்தை வைத்தால் சாலையில் விழ வேண்டியது எதிரே வருகிறவர் முகத்தில் விழுகிறது. அரைமணி நேரம் ஓடியபின் எல்இடி மங்கினால் அதற்கும் காரணம் பெரும்பாலும் வோல்ட் இல்லை, சூடு. பின்னால் இருக்கும் குட்டி ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியதையெல்லாம் என் மகள் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டாள். பல்பில் 13.4 வருகிறது, எர்த் 0.1, புது பல்பு. இருந்தும் ராத்திரியில் சாலை தெரியவில்லை.

பதில்: மகளுக்கு என் பாராட்டு, இனி மின்சாரத்தை விட்டுவிடலாம். பகலில் ஹெட்லைட்டின் முன்மூடியைப் பாருங்கள். மஞ்சள் படிந்து பால்போல் மங்கியிருக்கும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மேல் தயாரிப்பாளர் பூசிய பாதுகாப்புப் பூச்சு வெயிலில் உரிந்தால் இப்படி ஆகும். நீர் விட்டு 800, 1500, 2500 என்று படிப்படியாக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பாலீஷ் போட்டால் கண்ணாடியாகும். தேய்த்ததோடு விட்டுவிடாதீர்கள். மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் முன்னைவிட மோசமாக மஞ்சளிக்கும். மூடி தெளிவாக இருந்தும் வெளிச்சம் வரவில்லை என்றால் பல்பைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்து ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு கறுத்தோ உரிந்தோ இருந்தால் துடைக்க முயலாதீர்கள், துணி பட்டதும் மிச்சமும் கையோடு வந்துவிடும். ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதுதான்.